பிரிஜிதாவின் கணப்புச் சட்டி

பிரிஜிதா சாம்பல் சலித்துக்கொண்டிருக்கிறாள். மாவுச் சல்லடையைத் தொட்டால் சமையல்காரி மெங்கா ஊரைக் கூட்டிவிடுவாள். அதனால் ஓரம் பிய்ந்து ஒதுக்கப்பட்ட பழைய சல்லடை ஒன்றைத் தன் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறாள். கெட்டியான மரக்கரியாகப் பார்த்துப் பொறுக்கி, அடுப்பில் நன்றாகக் கனியவிட்டு, கைப்பிடி வைத்த மண்சட்டியில் அடுக்கி, அதன்மேல் சலித்த சாம்பலைத் தூவி மூடுகிறாள். பிறகு கன்னத்தைச் சட்டியருகே சாய்த்து, சூடு படுகிறதா என்று பார்க்கிறாள். தொட்டிலில் குழந்தை மூச்சு விடுகிறதா என்று பார்ப்பதைப் போலத்தான்.

“ஊதி ஊதி எரியவிட யாருக்குத்தான் தெரியாது? மூடி வைக்கத் தெரியணும்டி,” என்பாள்.

“ஆமாக்கா, நீங்க மூடி வைக்கிற லட்சணத்துக்குத்தான் கரி மூட்டை மூட்டையாப் பறக்குது,” என்பாள் மெங்கா.

அறுபதைத் தாண்டிய உடம்பு. குள்ளம், நல்ல அகலம். இடது இடுப்பு மக்கர் செய்வதால் மாடிப்படி ஏறும்போது படிக்கொரு புனிதரின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஏறுவாள். அவர்களைக் கும்பிடுகிறாளா, திட்டுகிறாளா என்று கேட்பவர்களால் கண்டுபிடிக்க முடியாது. கணவன் சணல் சீவும் தொழிலாளி. கல்யாணமான சில வருஷங்களிலேயே நெஞ்சில் தூசி அடைத்துப் போய்ச் சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து வக்கீல் அன்னிபாலேயின் வீட்டில்தான் இருக்கிறாள். அந்த வீட்டில் பெருக்க ஒருத்தி, துவைக்க ஒருத்தி, சமைக்க மெங்கா. பிரிஜிதாவின் வேலை உட்காருவது.

சிரிக்க வேண்டாம். நம் பொலோஞா ஊரில் கல்யாணமாகாத பெண்ணுக்கு ஆண்பிள்ளை ஒருவர் பாடம் சொல்லித்தர வந்தால், அவர் நடன வாத்தியாராக இருந்தாலும் சரி, பல் போன பாதிரியாராக இருந்தாலும் சரி, அறையின் மூலையில் நம்பகமான பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் உட்கார்ந்தால் பாடம் தொடங்கும். அவள் எழுந்தால் பாடம் முடியும். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து துருவித் துருவிக் கேட்டால், “பிரிஜிதா உட்கார்ந்திருந்தாள்” என்ற ஒரு சொல் போதும். அதற்குமேல் கேட்க எந்த மாமியாருக்கும் வாய் வராது.

ஏனென்றால் பிரிஜிதாவுக்குப் பொய் வராது. நல்லொழுக்கம் என்று அதைச் சொல்வதைவிட ஒருவகை ஊனம் என்று சொல்லலாம். எசமானி வியோலாந்தே அம்மாள் புதுத் தொப்பி வாங்கிவந்தால் வீட்டார் முதலில் செய்யும் காரியம், ஏதாவது சாக்குச் சொல்லி பிரிஜிதாவை நிலவறைக்கு அனுப்புவது. ஒரு தடவை அனுப்ப மறந்துவிட்டார்கள். “எப்படி இருக்கு?” என்று அம்மாள் பொதுவாகத்தான் கேட்டாள்.

“தொப்பி ரொம்ப நல்லாருக்கும்மா. வேற யாராவது போட்டுக்கிட்டா இன்னும் நல்லாருக்கும்.”

அம்மாள் அந்தத் தொப்பியை மறுபடி தொடவில்லை. பிரிஜிதாவை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. இரண்டு பெண்களைப் பெற்றவளுக்கு, பொய் சொல்லத் தெரியாத ஒருத்தி வீட்டில் இருப்பது எத்தனை பெரிய காவல் என்று அவளுக்குத் தெரியும்.

சட்டியைப் பற்றிய சட்டத்தைப் போட்டதும் இந்த அம்மாள்தான். மூத்த பெண் லவீனியா நடனம் கற்ற காலத்தில், “வயசான பொம்பளை குளிர்ல விறைக்கக் கூடாது. கரி அணைஞ்சா பாடம் முடிஞ்சுது,” என்று சொல்லிவிட்டாள். அம்மாள் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். தானே நினைத்தாலும் அதை மாற்றிக்கொள்ள மாட்டாள். பிரிஜிதாவும் அந்தச் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் நடத்தினாள். கரி அணைந்த மறுகணம் எழுந்துவிடுவாள். லவீனியா தூக்கிய காலைத் தூக்கியபடி நிற்பாள். “ஒரே ஒரு சுத்து அம்மா, முடிச்சுடறோம்,” என்று நடன வாத்தியார் கெஞ்சுவார்.

“ஆடற கால் உங்களோடது சாமி. விறைக்கிற கால் என்னோடது,” என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவாள்.

லவீனியா கல்யாணமாகி மோதெனாவுக்குப் போய்விட்டாள். இப்போது பிரிஜிதா உட்காருவது இளையவள் இப்போலிதாவுக்காக. இவள் ஒல்லி, மூக்கில் மை பூசிக்கொள்ளாமல் ஒரு நாளும் மேசையை விட்டு எழுந்ததில்லை. நடனம் வேண்டாம், லத்தீனும் கணக்கும் வேண்டும் என்று கேட்டாள். வக்கீலும் சரி என்றார். பெண்ணுக்குப் பட்டம் கொடுத்த ஊர் என்ற பெருமை நம் ஊருக்கு உண்டு. கொடுத்த பட்டத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண் வீட்டோடு இருந்தால் போதும் என்பதும் நம் ஊரின் எண்ணம்தான்.

பாடம் நடப்பது வக்கீலின் புத்தக அறையில். வடக்குப் பார்த்த நீளமான அறை. புத்தகத்துக்கும் நெருப்புக்கும் ஆகாது என்று அங்கே கணப்பு கிடையாது. சன்னலோரத்து மேசையில் பாதிரியார் பெத்ரோனியோவும் இப்போலிதாவும் எதிரெதிரே உட்காருவார்கள். அவருக்குக் காது மந்தம், கண்ணும் அத்தனை தெளிவில்லை. ஆனால் மூக்குப்பொடி டப்பி எங்கே இருக்கிறது என்று மட்டும் கை தானாகக் கண்டுபிடித்துவிடும். கோடியில், கதவருகே, பிரிஜிதா. பாவாடையைக் கொஞ்சம் தூக்கி, சட்டியைக் கால்களுக்கு நடுவே வைத்து, முட்டைமேல் கோழி இறங்குவதுபோல் மெதுவாக இறங்கி உட்காருவாள். காலுறைப் பின்னலைக் கையில் எடுப்பாள். பாடம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துக்குச் சிலுவைக்குறி போடுவாள். இத்தனை வருஷம் உட்கார்ந்தும் லத்தீனில் ஒரு வார்த்தை ஒட்டவில்லை. ஆனால் மழைச் சத்தத்தைக் கேட்டுத் தூறலா அடைமழையா என்று சொல்வதற்குப் படிப்பா வேண்டும்? பாதிரியாரின் கால் மேசைக்கடியில் தாளம் போட்டால் பெண் சரியாகச் சொல்கிறாள். தாளம் நின்றால் எங்கோ தடுக்கிவிட்டாள். தாளம் நிற்கும்போதெல்லாம் பிரிஜிதாவின் ஊசியும் நின்றுவிடும்.

ஒரு வெயில் நாளில் இப்போலிதா முப்பட்டைக் கண்ணாடி ஒன்றைச் சன்னலில் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். திடீரென்று பிரிஜிதாவின் வெள்ளை மேலங்கியில், மடிமீது, வானவில் வந்து விழுந்தது. பிரிஜிதா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு ஒரு விரலால் சிவப்பைத் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை.

“பயப்படாதே பிரிஜி. வெயிலைப் பிரிச்சிருக்கேன், அவ்வளவுதான்,” என்றாள் பெண்.

“வெயிலைப் பிரிச்சிட்டியா? ஐயோ கண்ணு, சீக்கிரம் சேர்த்து வெச்சிரு. அம்மா வர்ற நேரம்!”

பாதிரியார் சிரித்த சிரிப்பில் பொடி சட்டையெல்லாம் கொட்டியது. ஆனால் பிரிஜிதா சிரிக்கவில்லை. அந்த வாரம் அந்த மேலங்கியை அவள் துவைக்கப் போடவில்லை. “என்னக்கா, கறையா?” என்று மெங்கா கேட்டதற்கு, “இல்லடி, கறை போயிடுச்சு. அது விழுந்த துணிடி இது,” என்றாள். மெங்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுப்படியில் நின்றவளுக்கு எப்படிப் புரியும்?

மெங்காவின் கேள்வி ஒன்றே ஒன்றுதான். “லத்தீன் படிச்சா சூப்புல உப்பு தானா விழுமாக்கா?” கால்வாய்த் துறையில் துணி அடிக்கும் பெண்கள் இன்னும் மோசம். “என்ன பிரிஜிதாக்கா, உங்க வீட்டுப் பாப்பாவுக்குத் தாடி முளைச்சிருச்சாமே?” என்று ஒருத்தி ஆரம்பிப்பாள்.

“முளைக்கல. உன் புருஷனுக்கு முளைச்சிருக்கே, அதை வெச்சுக்கிட்டு அவன் என்னத்தக் கிழிச்சான்?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவாள்.

வக்கீலுக்கோ மகளின் படிப்பு என்றால் நிலைகொள்ளாத பெருமை. விருந்தாளிகள் வந்தால், சாப்பாட்டுக்கும் இனிப்பு மதுவுக்கும் நடுவே மகளைக் கூப்பிட்டு லத்தீனில் ஏதாவது ஒப்பிக்கச் சொல்வார். எல்லோரும் கை தட்டுவார்கள். அங்கேயும் மூலையில் பிரிஜிதா இருப்பாள். “ஐயா ஒரு தடவைகூடப் பொண்ணு மூஞ்சியைப் பார்க்கலடி,” என்று மெங்காவிடம் வந்து சொன்னாள். “பொண்ணைப் பார்க்கறவங்க மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாரு.”

இந்தக் குளிர்காலத்தில்தான் வினை வந்தது. கால்வாய் உறைந்து, துணி துவைக்கிறவர்கள் கோடரியோடு போக வேண்டியிருந்த குளிர். கிறிஸ்துமஸ் கழிந்ததும் வக்கீல் ஓர் ஏற்பாட்டை அறிவித்தார். தவக்காலத்துக்கு முந்திய கொழுத்த வியாழனன்று ஊரின் பெரிய பண்டிதர்களை வீட்டுக்கு அழைக்கப் போகிறார். அவர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், இப்போலிதா பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் படிப்பு தொடரும், பட்டத்துக்கும் மனுப் போடலாம். திணறிவிட்டால் புத்தக அறையைப் பூட்டிவிடுவது. செந்தோ ஊர்ச் சணல் வியாபாரி ஒருவர், மனைவியை இழந்தவர், ஏற்கனவே பெண் கேட்டிருந்தார். ஈஸ்டர் முடிந்ததும் அவருக்கு முடித்துவிடுவது.

வியோலாந்தே அம்மாள் கணவனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. புத்தக அறையின் சாவி வக்கீலிடம் இருந்தது. கரி அறையின் சாவி அம்மாளின் இடுப்பில் இருந்தது. மறுநாள் காலையில் அவள் அடுப்படிக்கு வந்து, “பிரிஜிதாவோட சட்டிக்கு இனிமே பாதிக் கரி போதும், இந்த வருஷம் கரிக்குத் தட்டுப்பாடு,” என்று மெங்காவிடம் சொல்லிவிட்டுப் போனாள். பெண்களுக்கு அதிகாரம் இல்லை என்று யார் சொன்னது? வக்கீல் தீர்ப்புச் சொல்வார், அம்மாள் கரி அளப்பாள்.

அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடக் கூடாது. அன்று மத்தியானம் பிரிஜிதா தனியாக இருந்தபோது அம்மாள் தானாக வந்து பக்கத்தில் நின்றாள்.

“என்னை ராட்சசின்னு நெனைக்கிறியா பிரிஜிதா?”

“இல்லம்மா. கோவமா இருக்கீங்கன்னு நெனைச்சேன்.”

“பயமா இருக்கேன். எங்க சித்தப்பா பொண்ணு ஒருத்தி இருந்தா. இவளைவிடச் சின்ன வயசுல லத்தீன்ல பிரசங்கம் பண்ணினா. ஊரே வந்து கை தட்டுச்சு. தட்டினவன்ல ஒருத்தனாவது கட்டிக்கிட்டானா? ‘அதிகம் படிச்சவ, நமக்கு எதுக்கு’ன்னு போயிட்டானுங்க. இப்போ ஃபாயென்சாவுல கன்னியர் மடத்துக் கம்பிக்குள்ள உட்கார்ந்து பூவேலை பண்றா. போய்ப் பார்த்தேன். ‘என்னடி படிக்கிறே இப்போ’ன்னு கேட்டேன். ‘படிச்சதையெல்லாம் மறக்கப் பார்த்துக்கிட்டிருக்கேன், அதுவே பெரிய வேலையா இருக்கு’ன்னா.” அம்மாள் இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டாள். “என் பொண்ணுக்கு அந்த மறக்கற வேலை வேண்டாம்.”

அம்மாள் சொல்வது நியாயம் என்றுதான் பிரிஜிதாவுக்கும் பட்டது. பாதிக் கரி என்றால் பாதிக் கரி. அணைந்ததும் எழுந்துவிடுவது என்ற முடிவோடுதான் மறுநாள் புத்தக அறைக்குப் போனாள்.

பாதிச் சட்டி எவ்வளவு நேரம் தாங்கும்? பாதிரியார் புத்தகத்தைப் பிரித்து, பொடி போட்டு, தும்மி, பாடத்துக்குள் இறங்குவதற்குள் காலடியில் சூடு குறைந்தது. கொஞ்ச நேரத்தில் முழுக்க அணைந்தது. பிரிஜிதா ஊசிகளை நூற்கண்டில் குத்தினாள். முழங்காலில் கையை ஊன்றினாள்.

அந்தச் சமயம் பாதிரியார் எதிர்க்கட்சிப் பண்டிதராக நடித்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமைக்காகப் பெண்ணைப் பழக்குவதற்கு அப்படி நடிப்பார். மேசையைத் தட்டி, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு எதையோ கேட்டார். இப்போலிதா பதில் சொல்லவில்லை. தாளம் நின்றது. பேச்சு தடைப்பட்ட நேரத்தில் எழுந்தால் பெண்ணுக்கு அவமானம், ஏதாவது சொல்லட்டும், பிறகு எழுவோம் என்று பிரிஜிதா பாதி எழுந்தபடி காத்திருந்தாள்.

பிறகு இப்போலிதா பேசினாள். விருந்தில் ஒப்பிக்கும் குரல் அல்ல அது. தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லையும் அப்போதுதான் இருட்டில் துழாவிக் கண்டெடுப்பவளைப் போல, மெதுவாகப் பேசினாள். பேசப் பேசக் குரல் நிமிர்ந்தது. பாதிரியாரின் இரண்டு விரலுக்கு நடுவே இருந்த பொடி மூக்குக்குப் போகாமல் பாதி வழியில் நின்றுவிட்டது. அதை அவர் மறந்தே போனார்.

பிரிஜிதாவுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் ஐயமில்லாமல் தெரிந்தது. இது யாரும் சொல்லிக்கொடுத்தது அல்ல. இந்தக் கணம்வரை இந்தச் சொற்கள் இந்த வரிசையில் உலகத்தில் இருந்ததில்லை. மூக்கில் மை பூசிய இந்தப் பெண்ணின் தலைக்குள்ளிருந்து, பிரிஜிதாவின் கண்ணெதிரே, இப்போதுதான் பிறந்து வருகின்றன. அவளுக்குப் பயமாக இருந்தது. பூசையில் மணி அடித்ததும் கோயில் முழுவதும் முழங்காலிடுமே, அப்போது முதுகில் ஏறுகிற பயம். பாதி எழுந்தவள் சத்தமில்லாமல் மறுபடி உட்கார்ந்தாள். அணைந்த சட்டியின்மேல் பாவாடையை நன்றாக இழுத்து மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் நடந்தது. பாதிச் சட்டியோடு போனவள் விளக்கேற்றும் நேரம்வரை வெளியே வரவில்லை. மெங்காவுக்கு வியப்புத் தாங்கவில்லை. “என்னக்கா மந்திரம் போட்டீங்க? பாதிக் கரி இவ்வளவு நேரமா நிக்குது!” விஷயம் தெருவெல்லாம் பரவியது. கரித் தட்டுப்பாடு உண்மையிலேயே வந்துவிட்ட குளிர்காலம் அல்லவா? பக்கத்து வீட்டுப் பெண்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு வித்தை கற்க வந்தார்கள்.

“சாம்பலை நல்லா சலிக்கணும்,” என்பாள் பிரிஜிதா, யார் முகத்தையும் பாராமல்.

அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவே தான் ஒரு நாள் குடியிருக்க நேரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. கால் விரல்கள் வீங்கிச் சிவந்தன. கை விரல்களில் வெடிப்பு விழுந்து, பின்னலில் ரத்தக் கறை பட்டது. கந்தலைச் சுற்றிக்கொண்டு பின்னினாள். காலுறை கோணலாக வந்தது. உடம்பு பட்ட பாட்டைவிட மனசு பட்ட பாடுதான் பெரிது. அம்மாள் ஒரு நாள் நேருக்கு நேர் கேட்டுவிட்டால்? கேட்டால் உண்மைதான் வாயில் வரும். வந்தால் அன்றோடு பாடம் நிற்கும். அதைவிடப் பெரிய இடி ஒன்று இருந்தது. சட்டி விஷயத்தில் ஏமாற்றியவள், மற்ற விஷயத்தில் மட்டும் யோக்கியமா என்று நாளைக்கு ஊர் கேட்காதா? ‘பிரிஜிதா உட்கார்ந்திருந்தாள்’ என்ற சொல்லுக்கு அப்புறம் என்ன மதிப்பு? அந்தச் சொல்லை நம்பித்தானே இந்தப் பெண்ணின் மானமே இருக்கிறது?

“யாரும் கேட்டுடக் கூடாது மாதாவே,” என்று செபமாலையை உருட்டினாள். “கேட்டா நான் சொல்லிப்புடுவேன். உங்களுக்கே தெரியும் என் வாய்.”

மாதா கொழுத்த வியாழனுக்கு முந்தின நாள்வரை காப்பாற்றிக் கொடுத்தாள்.

அந்தப் புதனன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. அம்மாள் கோயிலுக்குப் போய்விட்டு, வளைவு நடைபாதைகளின் கீழே ஒதுங்கி ஒதுங்கி நடந்தும் நனைந்துபோய் வந்தவள், நேரே புத்தக அறைக் கதவைத் திறந்தாள். பாடம் நடக்கும்போது அவள் அங்கே வந்ததே கிடையாது. பிரிஜிதா எழவில்லை. எசமானியே வந்தாலும் அவள் எழக் கூடாது, எழுந்தால் பாடம் முடிந்ததாகிவிடும். அறையின் மறுகோடியில் பாதிரியாரும் இப்போலிதாவும் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ ஒரு படத்தின்மேல் குனிந்திருந்தார்கள். செவிட்டு மனிதருக்காகப் பெண் உரக்கப் பேசிக்கொண்டிருந்ததால் கதவுச் சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை.

அம்மாள் ஈரக் கையுறையைக் கழற்றினாள். “கை விறைச்சே போச்சு பிரிஜிதா. உன் சட்டியைக் கொஞ்சம் குடு,” என்றாள் தாழ்ந்த குரலில்.

பிரிஜிதா அசையவில்லை.

“என்ன முழிக்கிறே? சூடு இருக்கில்ல?”

“இல்லம்மா.”

“அணைஞ்சு போச்சா? எப்போ?”

“சாமி புத்தகத்தைத் திறந்த கொஞ்ச நேரத்துலயே.”

“இன்னைக்கா?”

“தினமும்மா.”

அம்மாள் குனிந்து பாவாடைக்கடியிலிருந்து சட்டியைத் தானே இழுத்தாள். கிணற்றடிக் கல்லைத் தொட்ட மாதிரி சில்லென்றிருந்தது. சாம்பலைக் கிளறிப் பார்த்தாள். அடிவரை ஒரு பொறியும் இல்லை. அப்போதுதான் கந்தல் சுற்றிய விரல்கள் அவள் கண்ணில் பட்டன.

“லவீனியா ஆடறப்போ ஒரு சுத்துக்குக்கூட உட்கார மாட்டேன்னியே.”

“அப்போ குளிரிச்சும்மா.”

“இப்போ குளிரலையா?”

“குளிருது. எழுந்திருக்கத்தான் முடியல.”

“ஏன்?”

“அது பேசிக்கிட்டிருக்கும்மா.”

அம்மாள் நிமிர்ந்து மேசைப் பக்கம் பார்த்தாள். “என்ன பேசறா அப்படி?”

“எனக்கென்ன தெரியும்? முன்னெல்லாம் சாமி கேப்பாரு. இது நின்னு நின்னு சொல்லும். இப்போ இது கேக்குது. சாமி நின்னு நின்னு சொல்றாரு.”

அம்மாள் காது கொடுத்துக் கேட்டாள். விருந்துகளில் மகள் ஒப்பித்ததை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், கேட்கும்போதெல்லாம் ஃபாயென்சா மடத்துக் கம்பிதான் அவளுக்குத் தெரியும். இது அந்தக் குரல் அல்ல. பெண் எதையோ சொல்ல, பாதிரியார் தலையை ஆட்டி மறுக்க, பெண் படத்தில் ஓர் இடத்தை விரலால் குத்திக் காட்டினாள். கிழவர் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டார். இப்போலிதா கலகலவென்று சிரித்தாள். தன் வயிற்றில் பிறந்தவள் இப்படிச் சிரித்து அம்மாள் ஒரு நாளும் கேட்டதில்லை.

“நான் செஞ்சது தப்புத்தான்,” என்றாள் பிரிஜிதா. “சொல்லுங்கம்மா. எழுந்திருக்கறேன்.”

நூற்கண்டில் ஊசிகளைக் குத்தினாள். முழங்காலில் கையை ஊன்றினாள். மரத்துப்போன கால்கள் தரையில் தடவின.

அம்மாளின் கை அவள் தோள்மேல் விழுந்து அழுத்தியது. சுவரோரம் கிடந்த முக்காலியைச் சத்தமில்லாமல் இழுத்துப் பிரிஜிதாவின் பக்கத்தில் போட்டு, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டு எசமானி உட்கார்ந்தாள்.

கதவை விரியத் திறந்துகொண்டு மெங்கா தலையை நீட்டினாள். நாளைய விருந்துக்கு உரித்துக்கொண்டிருந்த கோழிகளின் இறகு அவள் தலைமுடியில் ஒட்டியிருந்தது. “அம்மா, இங்கயா இருக்கீங்க? விளக்கு வெக்கிற நேரமாச்சே, கரியும் அணைஞ்சிருக்குமே. பாடத்தை முடிக்கச் சொல்லிட்டு அந்த மேசை விளக்கை எடுத்துக்கட்டுமா? அடுப்படியில ஒண்ணும் தெரியல.”

அம்மாள் இரண்டு உள்ளங்கைகளாலும் சட்டியை அணைத்துப் பிடித்திருந்தாள்.

“இன்னும் சூடு இருக்கு,” என்றாள். “நீ போ.”

பிரிஜிதா வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். பிறகு தன் சால்வையின் ஒரு பாதியை இழுத்து, எசமானியின் முழங்கால்மேல் போட்டு, ஓரத்தை நன்றாகச் செருகிவிட்டு, ஊசிகளைக் கையில் எடுத்தாள்.